அணுவின் வரவு செலவு



பெங்களூரில் வாடகைக்கு வீடு தேடும் தமிழர் எவரும், வாடகை எவ்வளவு என்று கேட்கும் முன்பே, தண்ணீர் எப்படி என்று கேட்பது வழக்கம். “காவேரித் தண்ணீரா, போர் தண்ணீரா?” என்னும் அக்கேள்வியில் ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வே அடங்கியிருக்கிறது. காவேரித் தண்ணீர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, மேட்டு நிலமாகிய இந்நகருக்கு இயந்திரங்களால் ஏற்றப்பட்டு வருகிறது. அது எட்டாத புறநகர்ப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறும் லாரித் தண்ணீருமே கதி. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் அக்கிணறுகள் பல வற்றிப்போனதை நம்மவர் பலர் நேரில் கண்டனர். போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படலம் படிகிறது. சோப்பு எளிதில் நுரைப்பதில்லை. பருப்பு வேக நேரம் பிடிக்கிறது. ஆதலால் தண்ணீரைத் தூய்மையாக்கும் கருவி விற்போருக்கு இந்நகரில் என்றும் நல்ல வாணிபம்.

அவ்வாறு விற்க வருவோரில் சிலர் செய்துகாட்டும் ஒரு வேடிக்கையை நேயர்களில் பலர் கண்டிருக்கக்கூடும். மேசைமீது இரண்டு கண்ணாடிக் குவளைகள் வைக்கப்படும். ஒன்றில் வீட்டுக் குழாய்த் தண்ணீர். மற்றொன்றில் விற்பனையாளர் கொணர்ந்த ‘சுத்தமான’ தண்ணீர். பார்வைக்கு இரண்டும் தெளிந்தே இருக்கும். நான்கு உலோகக் கோல்கள் பொருத்திய ஒரு சிறு கருவியை, குவளைக்கு இரண்டு கோல் வீதம் அமிழ்த்தி, அவர் மின்சாரத்தைச் செலுத்துவார். சிறிது நேரத்திற்குள் குழாய்த் தண்ணீர் மஞ்சளாகி, பச்சை கலந்து, பின்னர் செம்பழுப்பாகும். திரிதிரியாக அழுக்கு மிதக்கும். மற்றக் குவளையோ தெளிவு மாறாது நிற்கும். “பாருங்கள் அம்மா, இதைத்தான் இத்தனை நாளும் உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்து வந்திருக்கிறீர்கள்” என்று அவர் சொல்லும்போது, எந்தத் தாயின் முகம் வாடாதிருக்கும்?

நாம் குடியிருக்கும் கட்டிடத்திலும் இவ்வேடிக்கை ஒரு முறை நடந்தது. கூடி நின்றவர்களுள் ஒரு குடும்பத்தார், மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென ஒதுக்கியிருந்த தொகையிலிருந்து அன்றே கருவிக்கு முன்பணம் கொடுத்துவிட்டனர். கருவியை நாம் குறைகூற வரவில்லை. அது உண்மையிலேயே தேவைப்படும் வீடுகள் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம். இப்போது நாம் கேட்பது ஒன்றே. அந்தச் செம்பழுப்பு நிறம் எங்கிருந்து வந்தது? தண்ணீருக்குள் முன்னரே ஒளிந்திருந்து வெளிப்பட்டதா, அன்றி அந்த நிமிடத்தில் புதிதாகப் பிறந்ததா?

இதற்கு விடை காண வேண்டுமாயின், அணுவின் வரவு செலவுக் கணக்கை நாம் அறிந்துகொள்ளல் வேண்டும். அஞ்ச வேண்டியதில்லை. கல்லூரியில் கலைப் பாடம் பயின்று, மொழிபெயர்ப்புப் பணியில் காலங் கழிக்கும் நமக்கே விளங்கிய கணக்கு அது. கழித்தல் தெரிந்தால் போதும்.

ஒவ்வோர் அணுவின் நடுவிலும் மிகச் சிறிய கரு ஒன்று இருக்கிறது. 1911-இல் எர்னஸ்ட் ரதர்ஃபோர்ட் என்னும் அறிஞர் இதனை உலகிற்கு எடுத்துக்காட்டினார். அக்கருவினுள் இரு வகைத் துகள்கள் உள்ளன. ஒன்று புரோட்டான், அது நேர்மின் உடையது. மற்றொன்று நியூட்ரான், அதற்கு எடை உண்டு, மின் இல்லை. கருவைச் சூழ்ந்து எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. அவை எதிர்மின் உடையவை. 1897-இல் ஜே. ஜே. தாம்சன் இவற்றைக் கண்டறிந்தார். தமிழில் மின்னணு என்றும் இதனை எழுதுவதுண்டு. புரோட்டானின் எடை எலெக்ட்ரானின் எடையைப்போல் ஏறத்தாழ 1,836 மடங்கு. எடையில் இவ்வளவு வேற்றுமை இருந்தும், மின்னளவில் இரண்டும் சமம். குறி மட்டுமே வேறு. ஒரு புரோட்டானுக்குக் கூட்டல் ஒன்று என்றால், ஓர் எலெக்ட்ரானுக்குக் கழித்தல் ஒன்று. இச்சமன்பாடு எவ்வளவு நுட்பமானது என்று ஆராய்ந்தவர்கள், ஒன்றை அடுத்து இருபத்தொரு சுழிகள் இட்டு எழுதும் எண்ணில் ஒரு பங்கு அளவுக்குக்கூட வேற்றுமை காணவில்லை.

ஆகவே ஓர் அணுவின் மின்னேற்றம் என்பது தனியாக ஏற்றப்பட்ட ஒரு பொருளன்று. அது மீதி. புரோட்டான்களின் எண்ணிக்கையிலிருந்து எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையைக் கழித்தால் எஞ்சுவதே அது. இரண்டும் சமமாயின் மீதி சுழி. அணு மின்நடுநிலையில் இருக்கிறது. எலெக்ட்ரான் குறைந்தால் மீதி நேர். எலெக்ட்ரான் மிகுந்தால் மீதி எதிர். இவ்வாறு மீதியோடு நிற்கும் அணுவையே அயனி என்கிறோம்.

இங்கே ஓர் ஐயம் எழும். எலெக்ட்ரானை இழந்த அணு எவ்வாறு ‘நேர்’ ஆகும்? இழப்பு என்றால் குறைவு அல்லவா? இக்குழப்பத்திற்குக் காரணம் வரலாறே. பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில், எலெக்ட்ரான் கண்டறியப்படுவதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முன்பே, இரு வகை மின்னுக்கும் கூட்டல், கழித்தல் என்று பெயரிட்டுவிட்டார். பின்னர்க் கண்டறியப்பட்ட எலெக்ட்ரானுக்குக் கழித்தல் குறி வாய்த்தது. வீட்டுக் கணக்கு எழுதுவோருக்கு இது எளிதில் விளங்கும். புரோட்டானை இருப்பு என்றும், எலெக்ட்ரானைக் கடன் என்றும் கொள்ளுங்கள். கடன் கழிந்தால் கையில் மிச்சம் தோன்றும். புதிதாகக் கடன் வாங்கினால் கணக்கில் குறை விழும். அவ்வளவே.

இவ்விரண்டனுள் பெரும் வேற்றுமை ஒன்று உண்டு. எலெக்ட்ரான்கள் வரும், போகும்; ஓர் அணுவிடமிருந்து மற்றோர் அணுவிடம் செல்லும். புரோட்டான்களோ கருவினுள் இறுகப் பிணைந்தவை. அடுப்பில் இட்டாலும், அமிலத்தில் ஆழ்த்தினாலும், மின்சாரம் பாய்ச்சினாலும் அவற்றின் எண்ணிக்கை மாறாது. அணுக்கரு வினைகளில் மட்டுமே மாறும். ஆதலால் ஒரு தனிமம் இன்னது என்று தீர்மானிப்பது புரோட்டான் எண்ணிக்கையே. இதனை மெய்ப்பித்தவர் ஹென்றி மோஸ்லி என்னும் ஆங்கிலேய இளைஞர். 1913-இல் அவர் பல தனிமங்களின் எக்ஸ் கதிர்களை அளந்து, ஒவ்வொன்றின் கருவிலும் உள்ள மின்னளவு ஒவ்வொன்றாக ஏறிச் செல்வதைக் கண்டார். எடையை நோக்கினால் கோபால்ட்டுக்கு முன்னே நிற்க வேண்டிய நிக்கல், இக்கணக்கின்படி அதற்குப் பின்னே நிற்கிறது. கோபால்ட்டுக்கு 27, நிக்கலுக்கு 28. அவற்றிற்கு முன்னே 26-ஆம் இடத்தில் இருப்பது இரும்பு. மோஸ்லி முதல் உலகப் போரில் 1915-இல் கலிப்போலிப் போர்முனையில் மாண்டார். அப்போது அவருக்கு வயது 27. அவர் இட்ட வரிசை எண்களோ இன்றளவும் நிலைத்திருக்கின்றன.

இரும்புக்கு 26 என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் தோசைக்கல்லில் உள்ள ஓர் இரும்பணுவுக்கு 26 புரோட்டான்களும் 26 எலெக்ட்ரான்களும் உள்ளன. மீதி சுழி. ஒரே ஒரு கிராம் இரும்பில் அடங்கிய எலெக்ட்ரான்களின் மின்னளவை மட்டும் கூட்டிப் பார்த்தால், ஓர் ஆம்பியர் மின்னோட்டம் பன்னிரண்டரை மணி நேரத்தில் கொண்டுசெல்லும் அளவுக்கு நெருங்கி வருகிறது. அத்துணை எதிர்மின்னும் அத்துணை நேர்மின்னால் ஈடுசெய்யப்பட்டிருப்பதனால்தான் நாம் அக்கல்லைத் தொட்டு எடுக்கிறோம். அதில் தோசை வார்க்கிறோம்.

ஓர் எலெக்ட்ரான் கூடினாலும் குறைந்தாலும் பொருளின் குணம் எவ்வளவு மாறும் என்பதற்கு நம் சமையலறை உப்பே சான்று. உப்பில் சோடியமும் குளோரினும் இருக்கின்றன. சோடியம் உலோகத்தைத் தண்ணீரில் இட்டால் சீறித் தீப்பற்றும். குளோரின் நச்சு வாயு. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே போர்க்கருவியாக ஏவப்பட்டுப் பலரைக் கொன்றது. இவ்விரண்டும் சேர்ந்ததைத்தானா நாம் அன்றாடம் உண்கிறோம்? ஆம், ஆனால் கணக்கு மாறியிருக்கிறது. சோடியத்தின் புரோட்டான்கள் 11. உப்பில் உள்ள சோடியம் ஓர் எலெக்ட்ரானை ஈந்துவிட்டு 10 எலெக்ட்ரான்களோடு நிற்கிறது. மீதி கூட்டல் ஒன்று. குளோரினின் புரோட்டான்கள் 17. அது ஓர் எலெக்ட்ரானைப் பெற்று 18 எலெக்ட்ரான்களோடு நிற்கிறது. மீதி கழித்தல் ஒன்று. கொடுத்ததும் பெற்றதும் ஒரே எலெக்ட்ரான். அக்கைம்மாற்றத்தில் சோடியத்தின் சீற்றமும் குளோரினின் நஞ்சும் தணிந்து, தூத்துக்குடி உப்பளங்களில் வெண்குன்றுகளாகக் குவியும் உப்பு விளைகிறது.

அயனி என்னும் சொல்லைப் பற்றியும் ஓரிரு வார்த்தை கூற விரும்புகிறோம். சொற்களோடு உழல்வோருக்கு அவ்வுரிமை உண்டன்றோ? 1834-இல் மைக்கேல் ஃபாரடே, கரைசலில் மின்சாரம் பாயும்போது அதனுள் பெயர்ந்து செல்லும் துகள்களுக்குப் பெயர் வேண்டி, வில்லியம் ஹ்யூவெல் என்னும் அறிஞரின் துணையை நாடினார். ‘செல்வது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை அவர் எடுத்துக் கொடுத்தார். உத்தராயணம், தட்சிணாயனம் என்று நாம் கூறும்போது வரும் அயனம் என்பதும் செல்லுதல் என்று பொருள்படுவதே. கிரேக்கச் சொல்லும் இவ்வடசொல்லும் ஒரே தொன்மையான வேரில் கிளைத்தவை என்பர் மொழிநூலார். ஆகவே அயனி என்பது நம் செவிக்கு முற்றிலும் அயலானதன்று. ஊர்விட்டு ஊர் பெயர்ந்து வாழும் நமக்கு அச்சொல் சற்று நெருக்கமாகவே ஒலிக்கிறது. பெயர்ந்து சென்றாலும், சில இழந்தாலும், சில பெற்றாலும், கருவில் உள்ள எண் மாறுவதில்லை. சோடியம் சோடியமே, இரும்பு இரும்பே.

மின்சாரம் செலுத்திய பிறகே அயனிகள் தோன்றுகின்றன என்று ஃபாரடே காலத்தில் கருதினர். அவ்வாறன்று, உப்பு கரைந்தவுடனேயே அயனிகள் பிரிந்து நிற்கின்றன என்று சுவீடன் நாட்டு அறிஞர் ஸ்வாந்தே அர்ரேனியஸ் 1880-களில் எடுத்துரைத்தார். முதலில் ஐயுறப்பட்ட அக்கருத்துக்காகவே 1903-இல் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இனி மேசைமீதிருந்த குவளைகளுக்கு வருவோம். குழாய்த் தண்ணீரில், பாறையையும் மண்ணையும் கடந்து வந்த நீர் கரைத்துக்கொண்டு வந்த அயனிகள் நிறைய உள்ளன. கால்சியம், மக்னீசியம் ஆகியன இவ்விரண்டு எலெக்ட்ரான்களை இழந்தவை. சோடியம் ஒன்றை இழந்தது. குளோரைடு ஒன்றைப் பெற்றது. அணுக்கள் பல கூடிய பைகார்பனேட்டும் ஓர் எலெக்ட்ரான் மிகுதியாக உடையது. பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படலம் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டே, அழுக்கன்று. இவ்வயனிகள் நீருக்குள் இங்குமங்கும் பெயர்ந்து மின்சாரத்தைக் கொண்டுசெல்கின்றன. விற்பனையாளரின் தண்ணீரிலோ அயனிகள் மிகக் குறைவு. ஆதலால் அதில் மின்சாரம் ஏறத்தாழப் பாய்வதே இல்லை.

மின்சாரம் பாய்ந்த குவளையில் நிகழ்ந்தது யாது? அக்கோல்களுள் ஒன்று இரும்பு. மற்றொன்று பெரும்பாலும் அலுமினியம். மின்கருவி இரும்புக் கோலிலிருந்து எலெக்ட்ரான்களை இழுத்துக்கொள்கிறது. இரும்பணு ஒவ்வொன்றும் இரண்டு எலெக்ட்ரான்களைப் பறிகொடுத்து, 26-க்கு 24 என்ற கணக்கில், கூட்டல் இரண்டு மீதியுடன், கோலைவிட்டு நீருக்குள் இறங்குகிறது. மற்றக் கோலின் அருகே நீரே எலெக்ட்ரான்களைப் பெற்று, ஹைட்ரஜன் குமிழிகளை விடுகிறது. குவளையில் நுரை எழுவது அதனால்தான். நீருக்குள் இறங்கிய இரும்பு முதலில் பச்சைநிறம் காட்டும். பின்னர் நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜனால் மேலும் ஓர் எலெக்ட்ரானை இழந்து, 26-க்கு 23 என்னும் நிலையை அடைந்து, செம்பழுப்புத் துருவாகத் திரள்கிறது. பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் மின்னோட்டம் ஒரு நிமிடம் பாய்ந்தால், ஏறத்தாழ 1.7 மில்லிகிராம் இரும்பு இவ்வாறு கரையும். ஒரு குவளை நீரை நிறம் மாற்ற அது போதும்.

ஆகவே அந்த அழுக்கு, தண்ணீரிலிருந்து வந்ததன்று. விற்பனையாளர் கொணர்ந்த கோலிலிருந்து வந்தது. இதனைச் சோதிக்க எளிய வழி உண்டு. அடுத்த முறை அவர் வரும்போது, அவருடைய ‘சுத்தமான’ தண்ணீரில் நம் வீட்டு உப்பில் ஒரு சிட்டிகையைக் கலந்து, அதே வேடிக்கையைச் செய்துகாட்டுமாறு கேளுங்கள். அதுவும் செம்பழுப்பாகும். வீட்டு மின்சாரத்தோடு தொடர்புடைய அக்கருவியை நீங்களாகச் செய்து பார்க்க முற்படவேண்டாம். ஈரக்கையோடு தொட்டால் உயிருக்கே ஆபத்து.

உருமாறி நிற்கும் இரும்பை இன்னதென்று அறியாமல் மயங்குவது இல்லத்தார்க்கு மட்டும் நேர்ந்ததன்று. உலகின் பேரறிஞர்களே எழுபது ஆண்டுகள் மயங்கினர். அக்கதையின் ஒரு முனை பெங்களூரை அடுத்தே இருப்பதால், அதனையும் சொல்லிவிடுகிறோம்.

1869 ஆகஸ்ட் 7-இல் அமெரிக்காவில் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அப்போது சூரியனைச் சூழ்ந்து தெரியும் கொரோனா என்னும் ஒளிமகுடத்தை ஆராய்ந்த சார்லஸ் யங், வில்லியம் ஹார்க்னஸ் ஆகிய இருவரும், அதன் ஒளியில் பச்சைநிறக் கோடு ஒன்றைக் கண்டனர். மண்ணுலகில் அறிந்த எத்தனிமமும் அத்தகைய கோட்டைத் தருவதாகத் தெரியவில்லை. ஓராண்டுக்கு முன் குண்டூர் முதலிய இடங்களில் காணப்பட்ட கிரகணத்தை ஒட்டி அறியப்பட்ட மஞ்சள் கோடு ஹீலியம் என்னும் புதுத் தனிமத்தைக் காட்டிக்கொடுத்தது போல, இதுவும் புதுத் தனிமமே என்று எண்ணி, கொரோனியம் என்று பெயரும் சூட்டினர். ஆனால் மோஸ்லியின் வரிசை எண்கள் வந்த பிறகு, அதற்கு இடமே இல்லாமல் போயிற்று. 1, 2, 3 என்று புரோட்டான்களை எண்ணிக்கொண்டு போகும் வரிசையில், நடுவே ஒரு புதியவர் எங்கே நுழைவது?

இந்தப் புதிருக்கு வேண்டிய அறிவு வளர நம் நாட்டவர் ஒருவர் பெருந்துணை புரிந்தார். 1920-இல் மேகநாத சாகா, வெப்பமும் அழுத்தமும் தெரிந்தால் வாயுவில் எத்தனை பங்கு அணுக்கள் எலெக்ட்ரானை இழந்து அயனியாகும் என்பதைக் கணக்கிடும் சமன்பாட்டை வெளியிட்டார். விண்மீன்களின் ஒளிக்கோடுகள் அவற்றில் என்ன தனிமம் உள்ளது என்பதை மட்டுமன்றி, அத்தனிமம் எத்தனை எலெக்ட்ரான்களை இழந்து நிற்கிறது என்பதையும் கூறுகின்றன என்பது அதனால் தெளிவாயிற்று. நம் கொடைக்கானல் வானாய்வகத்தில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் சூரியனைப் படம்பிடிக்கப் பயன்பட்ட ஊதாநிறக் கோடு, ஓர் எலெக்ட்ரானை இழந்த கால்சியத்திற்கு உரியதே. பாத்திரத்தில் படியும் கால்சியம் இரண்டை இழந்தது. சூரியனின் மேற்படலத்தில் அக்கோட்டைத் தருவது ஒன்றை இழந்தது. இரண்டுக்கும் புரோட்டான் 20-தான்.

இறுதியில், 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஜெர்மனியின் வால்ட்டர் குரோட்ரியானும் சுவீடனின் பெங்க்ட் எட்லேனும் கொரோனியத்தின் முகமூடியைக் களைந்தனர். அது நம் பழைய இரும்பே. பதின்மூன்று எலெக்ட்ரான்களை இழந்து, 26 புரோட்டான்களுக்கு 13 எலெக்ட்ரான்களோடு நின்ற இரும்பு. ஒளிக்கோட்டின் நிறத்தைத் தீர்மானிப்பது எஞ்சியுள்ள எலெக்ட்ரான்களின் அமைப்பு. ஆதலால்தான் எவராலும் அடையாளம் காண இயலவில்லை. பதின்மூன்றைப் பறிப்பது எளிதன்று. எலெக்ட்ரான்கள் குறையக் குறைய, அதே 26 புரோட்டான்கள் எஞ்சியவற்றை மேலும் இறுகப் பற்றிக்கொள்கின்றன. இரும்பின் முதல் எலெக்ட்ரானைப் பறிக்க ஏறத்தாழ 8 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். பதின்மூன்றாவதைப் பறிக்க ஏறத்தாழ 361 வேண்டும். சூரியனின் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 5,500 பாகை செல்சியஸ். அவ்வெப்பம் இதற்குப் போதாது. எனவே ஒளிமகுடம் பத்து லட்சம் பாகையையும் கடந்து கொதிக்கிறது என்ற வியத்தகு உண்மை, ஒரு கழித்தல் கணக்கின் வாயிலாக வெளிப்பட்டது. அடுப்பைவிட அடுப்பின் மேலுள்ள புகை வெம்மையாக இருப்பது போன்ற இந்நிலைக்குக் காரணம் இன்னதென்று முற்றத் தெளிய, ஆய்வு இன்னும் நடந்துவருகிறது.

2023 செப்டம்பர் 2-இல் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்டு, 2024 ஜனவரி 6-இல் பூமியிலிருந்து ஏறத்தாழ 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிலைகொண்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தில், அதே பச்சைக் கோட்டை நோக்கும் கருவி ஒன்று இருக்கிறது. பெங்களூர்க் கோரமங்கலாவில் தலைமையிடம் கொண்ட இந்திய வானியற்பியல் நிறுவனம், நகரை அடுத்த ஹொசகோட்டேயில் உள்ள தன் வளாகத்தில் அதனை உருவாக்கியது. அவ்விண்கலத் திட்டத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்று நடத்தியவர், தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி அம்மையார் என்பது நம்மவர்க்கு மகிழ்வூட்டும் செய்தி.

சூரியனில் பதின்மூன்று எலெக்ட்ரான்களை இழந்த இரும்பால் நமக்குத் தீங்கொன்றுமில்லை. ஒரே ஓர் எலெக்ட்ரானை இழந்து நம்மைத் துன்புறுத்தும் இரும்பு வேறோரிடத்தில் உண்டு. அது நம் குருதி. குருதியைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு, 26-க்கு 24 என்னும் நிலையில் இருக்கும்போதுதான் மூச்சுக்காற்றின் ஆக்ஸிஜனை ஏற்றுச் சுமந்து செல்லும். அது மேலும் ஓர் எலெக்ட்ரானை இழந்து 26-க்கு 23 ஆகிவிட்டால், ஆக்ஸிஜனைச் சுமக்கும் வல்லமையை இழந்துவிடும். நைட்ரேட் மிகுந்த கிணற்று நீரில் பால்மாவு கரைத்துக் கொடுக்கப்பட்ட பச்சிளங் குழந்தைகளின் உடல் நீலம் பாரிப்பதை, அமெரிக்காவின் அயோவா மாநில மருத்துவர் ஹண்டர் காம்லி 1945-இல் எடுத்துரைத்தார். நைட்ரேட் என்பது எதிர்மின் உடைய ஓர் அயனி. குழந்தையின் உடலில் அது நைட்ரைட்டாக மாறி, குருதியிலுள்ள இரும்பை அந்த ஓர் எலெக்ட்ரானை இழக்கச் செய்கிறது. சாக்கடை கசியும் இடங்களிலும், உரம் மிகுதியாக இடப்பட்ட நிலங்களிலும் கிணற்று நீரில் நைட்ரேட் சேர்வதுண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. காய்ச்சினாலும் போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

விற்பனையாளரின் கோல்கள் இந்த நைட்ரேட்டைக் காட்டுமா? காட்டா. கோலார், சிக்கபள்ளாப்பூர் மாவட்டங்களிலும், நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளிலும் நிலத்தடி நீரில் சேர்ந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடைக் காட்டுமா? அதுவும் இல்லை. ஃபுளோரைடு என்பது 9 புரோட்டான்களும் 10 எலெக்ட்ரான்களும் கொண்ட அயனி. நல்ல தண்ணீரில் இருக்கும் தீங்கற்ற கால்சியமும், தீங்கு விளைக்கும் நைட்ரேட்டும் மின்சாரத்தை ஒருங்கே கொண்டுசெல்கின்றன. கோலோ இரண்டிற்கும் ஒரே செம்பழுப்பைக் கக்குகிறது. டி.டி.எஸ். அளவி என்று பேனாவைப்போல் சட்டைப் பையில் வைத்து வருகிறார்களே, அதுவும் தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை அளந்தே எண் காட்டுகிறது. அயனிகள் ஏறத்தாழ எவ்வளவு என்று அது சொல்லும். அவை யாவை என்று சொல்லாது. நோய்க்கிருமிகளையோ அது அறியவே அறியாது.

எனவே, நம் வீட்டுத் தண்ணீரைப் பற்றி உண்மையாக அறிய விரும்புவோர் செய்ய வேண்டுவது, ஒரு சுத்தமான புட்டியில் தண்ணீர் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் சோதிக்கக் கொடுப்பதேயாகும். அறிக்கை வந்ததும் மூன்று வரிகளை முதலில் பாருங்கள். இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் குடிநீர் விதிப்படி, லிட்டருக்கு நைட்ரேட் 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம். வேறு நீர் கிட்டாத இடத்திலும் 1.5-ஐத் தாண்டலாகாது. கரைந்த பொருள்கள் மொத்தமாக 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம். வேறு நீர் கிட்டாதபோது 2,000 வரை ஏற்கப்படும். இவற்றோடு கிருமிச் சோதனையையும் தவறாது கேளுங்கள். நைட்ரேட்டோ ஃபுளோரைடோ எல்லை மீறியிருந்தால், ஆர்.ஓ. கருவி வாங்குவதில் பொருளுண்டு. அதனைத் தயங்காமல் வாங்கலாம். வெறும் கால்சியமே மிகுதி, கிருமி இல்லை என்றால், வெள்ளைப் படலத்தைக் கண்டு அஞ்சிப் பெரும்பணம் செலவிட வேண்டியதில்லை. கைக்குழந்தை உள்ள வீட்டார், போர் தண்ணீரில் பால்மாவு கரைப்பதாயின், இச்சோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

ஒரு சோதனைக்கு ஆகும் செலவு, அக்கருவியின் விலையில் மிகச் சிறு பகுதியே. ஒரே கிணற்று நீரைப் பயன்படுத்தும் கட்டிடத்தார் ஒன்றுகூடிப் பகிர்ந்துகொண்டால் அச்செலவும் பாரமாகத் தோன்றாது. கோடை தொடங்கும்போது ஒரு முறையும், மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறையும் சோதித்து வருவது நலம். ஏனெனில் நீர்மட்டம் ஏறி இறங்கும்போது அதில் கரைந்திருப்பனவும் மாறுபடும்.